பூங்கா மானின் தலைப்பிரசவம்

செம்மடைப்பாளையம் நகராட்சிப் பூங்காவில் நிற்கிற, மரத்தில் செதுக்கிய புள்ளிமான் முழுகாமல் இருக்கிறது என்ற செய்தி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, பேக்கரிகளில் டீயோடு சேர்ந்து ஆறி, வாரச் சந்தைக்குப் போய்த் திரும்பி, கடைசியாகத்தான் சென்னியப்பனின் கொப்பரைக் களத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்ததிலிருந்து ஊர் அவரிடம் வம்பு பேச வருவதில்லை. வந்தாலும் தேங்காய் விலையைக் கேட்டுவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துபோய்விடும்.

செத்தது அவருடைய ஒரே மகள் இந்துஜா. போன ஆடியில் செத்தாள். பஸ் நிலையத்தின் வாசலில், கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சுற்றிலும் ரோஜா மாலை வரைந்து, கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி போட்டு, ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தார் சென்னியப்பன். மறைவு என்று போட்டிருந்த தேதியில்தான் அவள் லேத்துப் பட்டறையில் வேலை செய்யும் முகிலனைப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். முகிலன் வேறு சாதி. சென்னியப்பன் தலைமுழுகினார், பதினாறாம் நாள் காரியம் செய்தார், சாதிச் சங்கத்துக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்து இலையில் எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள், சங்கத் தலைவர் அத்தப்பன் கைகழுவிக்கொண்டே, "இனி நீ தலை நிமுந்து நடக்கலாம் சென்னியப்பா" என்றார்.

செத்த பிறகும் இந்துஜா பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த மருந்துக்கடையில் எப்போதும்போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊருக்கு அதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை. செத்தவளிடம் காய்ச்சல் மாத்திரை வாங்கினார்கள், பிள்ளைகளுக்குச் சளி மருந்து வாங்கினார்கள்; பேர் சொல்லாமல் "ஏம்மா" என்று கூப்பிட்டார்கள்; சில்லறை பாக்கி வைத்தால் செத்தவளிடம் கடன் வைத்ததாகிவிடுமே என்று சரியாக எண்ணிக் கொடுத்தார்கள். அத்தப்பனே தம் சர்க்கரை மாத்திரைக்கு அவளிடம்தான் வருவார். மற்ற கடைகளில் பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள், செத்தவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது அவர் கட்சி. இப்படியாக ஒரு பெண் செத்ததையும் அவள் கடையில் நிற்பதையும் ஒரே நேரத்தில் நம்பிப் பழகிவிட்ட ஊருக்கு, மரத்தில் செய்த மான் சினையானது பெரிய விஷயமாகத் தோன்றாததில் வியப்பு என்ன இருக்கிறது?

பூங்காவில் மானைத் தவிர வேறு சிற்பங்களும் உண்டு. காற்றில் சாய்ந்த மரங்களையும் சாலைக்காக வெட்டிய மரங்களையும் விறகுக்கு விடாமல் நகராட்சி சேர்த்துவைத்து, வெளியூரிலிருந்து ஒரு சிற்பியை வரவழைத்து, வேம்பில் ஒரு எறும்புதின்னியும், புளியில் ஒரு காட்டெருமையும், தேக்கில் ஒரு இருவாச்சிப் பறவையும், மிஞ்சிய துண்டுகளில் முக்காலி உயரத்தில் காளான்களும் செதுக்க வைத்தது. மான் மட்டும் வாகை. ஒரு காலைத் தூக்கி, ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதுபோல நின்றது. மார்கழியில் திறப்பு விழா நடந்தபோது அதன் வயிறு ஒட்டித்தான் இருந்தது என்பதற்குப் பத்திரிகையில் வந்த படம் சாட்சி.

தையில் டெய்லர் மரகதம் பார்த்தாள். காலை நடைக்கு வரும் பெண்களில் முன்னால் நடப்பவள் அவள். நேரே கடைக்குப் போக வேண்டியிருப்பதால் அளவு டேப் கழுத்திலேயே கிடக்கும். மானைக் கடக்கும்போது அவளுக்கு ஏதோ உறுத்தியது. டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலால் அடையாளம் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பிடித்தபோது அடையாளம் நகர்ந்திருந்தது. "ஜாக்கெட்டா இருந்தா பிரிச்சு விட்டிருக்கோணும்" என்று கூட வந்தவர்களிடம் சொன்னாள்.

நகராட்சிப் பொறியாளர் வந்து, ஈரம் குடித்திருக்கும் என்றார். ஆசாரி வந்து தட்டிப் பார்த்து, ஈரம் குடித்தால் கால் ஊதும், காது ஊதும், வயிறு மட்டும் ஊதாது என்றார். கால்நடை மருத்துவர் வந்து குழாயை வைத்துக் கேட்டார், வெகுநேரம் கேட்டார், எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் மான் வனத்துறையைச் சேர்ந்தது, தமக்கு ஆடு மாடுதான் என்றார். வனத்துறை, உயிருள்ள மான்தான் தங்களுடையது, மரத்து மான் நகராட்சியுடையது என்று பதில் எழுதியது. அதோடு அதிகாரிகள் பங்கு முடிந்தது.

பெண்கள் பங்கு தொடங்கியது. மானின் முதுகில் ஏறிப் படமெடுத்த பையன்களுக்கு அடி விழுந்தது. மாங்காய்ப் பிஞ்சும் புளியும் சாம்பல் கட்டியும் மானின் வாயருகே வந்து சேர்ந்தன, மறுநாள் இருக்கவில்லை. காட்டெருமையின் முறைப்பு மானின்மேல் விழாதபடி நடுவில் ஒரு தட்டி கட்டினார்கள். சினைக்குக் காரணம் யார் என்று ஆண்கள் சிலர் ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். பூங்காவில் கலைமான் இல்லை, சுற்று வட்டாரத்தில் எந்தப் பூங்காவிலும் இல்லை, அப்படியானால் இருவாச்சியா, எருமையா என்று ஒருவர் ஆரம்பிக்க, மரகதம் நடையை நிறுத்தி, "உங்கூட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் நாங்க வந்து இப்பிடிக் கேட்டமுங்களா?" என்றாள். ஆராய்ச்சி நின்றது.

ஆனால் ஒரு கேள்வியை யாராலும் நிறுத்த முடியவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். நிறைமாதம் ஆவதற்குள் பிறந்தகத்தார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து, பெண்ணுக்கு ஊட்டி, மடி நிறைத்து, தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். மானுக்குப் பிறந்தகம் எது? மண்டியிட்டுப் பீடத்தைப் பார்த்தார்கள். 'மரம் உபயம்: ப. சென்னியப்பன், கொப்பரைக் களம்' என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது.

பங்குனி தொடக்கத்தில், வெயில் ஏறுவதற்கு முன், அத்தப்பனும் மரகதமும் வார்டு கவுன்சிலரும் களத்துக்கு வந்தார்கள். சென்னியப்பன் உடைத்த தேங்காய்களை வெயில் பார்க்கத் திருப்பிக்கொண்டிருந்தார். சொன்னதையெல்லாம் குனிந்தபடியே கேட்டார். களத்தின் மேற்கு மூலையில் அந்த வாகையின் அடிக்கட்டை இன்னும் இருந்தது. வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலை அது ஒன்றுதான். அங்கே நின்றுதான் இந்துஜா மாதக்கணக்கில் கைபேசியில் பேசியிருக்கிறாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவர் ஆள்விட்டு மரத்தை அறுத்தார். நகராட்சி கேட்டபோது, கண்ணில் படாமல் போனால் போதும் என்று கொடுத்தார்.

"முடியாதுங்க" என்றார். "எழவு உழுந்த ஊடு. இன்னும் வருசம் திரும்பலை. நல்ல காரியம் செய்யக் கூடாது."

எழவு இல்லை என்று சொல்ல அத்தப்பனால் முடியாது. முந்தின நாள்தான் செத்தவளிடம் மாத்திரை வாங்கி வந்திருந்தார் என்பதால், ஆமாம் என்று சொல்லவும் நாக்கு வரவில்லை.

மரகதம் சொன்னாள்: "எழவு ஊட்டுக்குள்ள உழுகலீங்களே மாமா. பஸ் ஸ்டாண்டுலதானுங்க உழுந்துது."

கவுன்சிலர் இருமினார். சென்னியப்பன் தேங்காய் மூடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார். அப்போது உள்ளேயிருந்து, அந்த வீட்டில் ஆடிக்குப் பிறகு ஒருவரும் கேட்டிராத ஒரு குரல் வந்தது. அவர் மனைவி துளசிமணி, கதவுக்கு வெளியே வராமல், "கூட்டீட்டு வந்துருங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பேனர் வைத்த நாளிலிருந்து அவள் அவரோடு பேசியதில்லை. சோறு போடுவாள், துணி துவைத்து வைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. இந்த இரண்டு வாக்கியங்களும்கூட அவருக்குச் சொன்னதல்ல.

கட்டுச்சோறு நல்லபடியாக நடந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, எள்ளுச் சோறு என்று துளசிமணி விடியலில் எழுந்து தனியாகவே ஆக்கி, தூக்குப்போசிகளில் கட்டிக்கொண்டு போனாள். மானுக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் பூச்சரம் போட்டு, கைக்குப் பதில் முன்னங்காலில் வளையலை ஏற்றினார்கள். தூக்கிய காலில் சுலபமாக ஏறியது. அத்தப்பன் பட்டுத்துண்டு போர்த்திக்கொண்டு முன்வரிசையில் நின்று, இலை போடுவதிலிருந்து மைக் செட்டு வரைக்கும் எல்லாவற்றையும் தாமே ஏவினார். பெண்ணைப் பெற்றவர் என்று எல்லோரும் சென்னியப்பனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். முகம் தெரியாதவர்களெல்லாம் கைகூப்பினார்கள். அவர் எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தோள்துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பீடத்திலிருந்து திருகாணிகளைக் கழற்றி, வைக்கோல் மெத்தை போட்ட டெம்போவில் மானை ஏற்றினார்கள். அசையாமல் பிடித்துக்கொள்ள சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். நாதசுரத்தோடு ஊர்வலம் கடைவீதி வழியாக வந்தது. பஸ் நிலையத்தின் முன்னால் ஒரு பஸ் திரும்பட்டும் என்று டெம்போ நின்றது. மருந்துக்கடை நேர் எதிரில் இருந்தது. இந்துஜா கல்லாவுக்குப் பின்னால் நின்று யாருக்கோ எப்படிச் சாப்பிடுவது என்று மாத்திரைப் பட்டையில் கோடு கிழித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். மானைப் பார்த்தாள், மஞ்சளைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள். மானின் கழுத்தைச் சுற்றியிருந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு பாதியில் விட்ட மாத்திரையை எடுத்து, "இது வெறும் வயித்துல" என்று சொல்லத் தொடங்கினாள். ஊர்வலத்தில் வந்த அத்தனை பேரும் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்துச் சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் திரும்பி முடிய நேரமாயிற்று.

அன்றிலிருந்து சென்னியப்பனுக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் உட்கார வேண்டும் என்று இருந்தது.

களத்தில் கூட்டம் ஓயவில்லை. துளசிமணி மானைக் களத்தின் நடுவில் சாக்கு விரித்து நிறுத்தி, காலையும் மாலையும் வெந்நீரில் துணி நனைத்து ஒற்றினாள், முதுகை நீவினாள், பூண்டுக் குழம்பும் பிஞ்சுக் கத்தரிக்காயும் ஆக்கி வாயருகே வைத்தாள். மானோடு பேசினாள். அடுப்படியில் இருக்கும்போதும் உரக்கப் பேசினாள். "சித்த பொறு சாமி, வந்துட்டேன்" என்பாள். கொப்பரை திருப்பிக்கொண்டிருக்கும் சென்னியப்பன், தம்மைத்தான் சொல்கிறாளோ என்று ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கினார்.

பங்குனி போனது. சித்திரை வந்தது. மானுக்கு வலி வரவில்லை. மரகதம் வந்து அளந்துவிட்டு, டேப் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். நாள் தப்பிவிட்டது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பிறந்தகத்தில் ஏதோ குறை, வயிற்றுப்பிள்ளைக்கு வெளியே வரப் பிடிக்கவில்லை என்று வந்து போகிறவர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். பேக்கரிகளில் சச்சரவு வந்தது. கோயில் திருவிழா நோம்பிக்குத் தேதி குறிக்க முடியவில்லை. பிரசவம் ஆகாமல் எப்படிச் சாட்டி அறிவிப்பது? ஊர் முழுக்க, பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிறவர்கள்போல, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்கள்.

கொப்பரைக் களம் என்பது எதையும் காயவைக்கிற இடம். நாள் முழுக்க நிழல் விழாத மண், கீழிருந்தும் மேலிருந்தும் சூடு. தேங்காயை நாலு வெயிலில் சுருக்கிவிடுகிற அந்தக் களம் மானையும் விடவில்லை. ஒருநாள் உச்சிவேளையில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. துளசிமணி ஓடிவந்து பார்த்தாள். மானின் விலாவிலிருந்து அடிவயிறு வரை, நகம் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

நிழல் வேண்டும். நிழல் தருவதற்கு அந்தக் களத்தில் இருந்த ஒரே மரம்தான் இப்போது அங்கே சினையாக நின்றுகொண்டிருந்தது. பந்தல் போட ஓலை வர இரண்டு நாளாகும் என்றார்கள். கோடைமழைக்குக் கொப்பரையை மூட, ஊரிலிருந்து கழித்துப்போட்ட பழைய ஃபிளெக்ஸ்களைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டு வைப்பது வழக்கம். துளசிமணி அவற்றை இழுத்து வந்து, நாலு மூங்கில் நட்டு, மானுக்கு மேலே கட்டினாள். காதுகுத்து ஒன்று, புதுமனை ஒன்று, ஏதோ கட்சி மாநாடு ஒன்று. நடுவில் போதாமல் இருந்த இடத்துக்கு அடியில் கிடந்த இன்னொன்றை இழுத்தாள். அது இந்துஜாவுடையது. எழுத்து கீழே பார்க்கும்படிதான் கட்ட முடிந்தது.

சென்னியப்பன் மதியச் சோற்றுக்கு வந்தபோது நிழலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தார். ரோஜா மாலைக்குள் இருந்து மகள் மானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஃபிளெக்ஸை ஊடுருவி வந்ததால் முகம் வெளிச்சமாக இருந்தது. காற்று வீசும்போது கன்னம் அசைந்தது. அவள் பெயருக்குக் கீழே அவர் பெயர், இப்படிக்கு என்று.

"அதை அவுத்துரு" என்றார்.

துளசிமணி வெடிப்பில் ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அவுத்துருங்கறேன்ல."

"அவுத்தா வெயிலடிக்குமுங்க" என்றாள். ஆடிக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு. அதோடு நிற்கவும் இல்லை. "இத்தனை சனம் வந்து பாத்துட்டுப் போகுது. இதுக்குப் புருசன் ஆரு, என்ன சாதின்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களாங்க? மடி நெறைச்சாங்க, சோறு ஊட்டுனாங்க, கூட்டியாந்து உட்டாங்க. அத்தப்பண்ணன் பட்டுத்துண்டு போட்டுட்டு நின்னாரு. மரமாப் பொறந்திருந்தா எம்புள்ளைக்கும் இதெல்லாம் கெடச்சிருக்கும்."

"செத்தவளை இழுக்காத."

"ஆருங்க செத்தது? பேனர் நீங்க வெச்சீங்க. நான் வெக்கலை. நான் பெத்துத்தான் வெச்சேன்."

அவர் சாப்பிடவில்லை. நிழலை விட்டு வெளியே போனார், வெயில் சுட்டது. உள்ளே வந்தார், முகம் பார்த்தது. கொப்பரை மூட்டைமேல் உட்கார்ந்தார், எழுந்தார், அடிக்கட்டையைக் காலால் உதைத்தார், வலித்தது. மானின் வயிற்றில் வெடிப்பு இன்னொரு விரல் நீளம் ஓடும் சத்தம் கேட்டது, காய்ந்த கதவைத் திறக்கிற சத்தம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடாமல், கடைவீதியை நோக்கி நடந்தார்.

மருந்துக்கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். காலி மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அத்தப்பனும் நின்றார். சென்னியப்பன் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்து, ஒவ்வொருவராக ஒதுங்கி, அவருக்கு வேண்டாத முதல் இடத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

"என்ன வேணுமுங்க?" என்றாள் இந்துஜா. எல்லோரிடமும் கேட்கிற குரல்.

"வயித்துல வெடிப்பு."

"ஆருக்குங்க?"

"பொண்ணுக்கு. நெறமாசம். நாள் தள்ளிப்போச்சு."

அவள் அலமாரிப் பக்கம் திரும்பி, ஒரு பெரிய விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வைத்தாள். கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். "பேரு சொல்லுங்க. பில்லுக்கு."

மானுக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. மான் என்று சொல்லியிருக்கலாம். கடையில் நின்ற எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சென்னியப்பன் கல்லாவின் கண்ணாடியில் கையூன்றிக்கொண்டார்.

"இந்துஜா" என்றார்.

அவள் விசைகளைத் தட்டினாள். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "இனிஷியல்?"

"செ."

அந்த ஒரு விசையைத் தட்ட அவளுக்கு நேரமாயிற்று. பிறகு கையை எடுத்துக்கொண்டாள். "இந்தப் பேருக்குப் பில்லு போட முடியாதுங்க. செத்தவங்களுக்கு மருந்து வித்தா லைசென்ஸ் போயிரும்."

பின்னால் யாரோ சிரித்து, பாதியில் விழுங்கினார்கள்.

"ஆரு சொன்னது செத்துட்டான்னு?"

"நான் என்னத்தைக் கண்டேன்? பஸ் ஸ்டாண்டுல போட்டிருந்துதுங்க. கீழ உங்க பேரு இருந்துது."

"சென்னியப்பா" என்று அத்தப்பன் முன்னால் வந்தார். "இதெல்லாம் கடையில நின்னு பேசற பேச்சா? வெளிய வா. சங்கத்துல வெச்சுப் பேசிக்கலாம்."

"நீங்க சித்த பொறுங்க மாமா" என்றாள் இந்துஜா. "இவருக்கு முடிச்சுட்டு உங்களுக்கு. வரிசைன்னு ஒண்ணு இருக்குதல்ல."

சென்னியப்பன் அத்தப்பனைப் பார்க்கவில்லை. "நான்தான் போட்டேன். பொய்யி" என்றார். "நீ வா. வந்து உங்கையால தடவு. உங்கொம்மா தனியாக் கெடந்து மல்லாடறா."

"நான் எப்பிடி வர்றதுங்க? செத்தவங்க எந்த வாசல்ல வருவாங்க?"

"முன்வாசல்லதான்."

"ஒத்தையா வர மாட்டனுங்க. அவரும் வருவாரு."

சென்னியப்பன் கண்ணாடிமேல் இருந்த கையைப் பார்த்தார். கொப்பரைப் பிசுக்கில் அவர் விரல்கள் ஐந்தும் அப்படியே பதிந்திருந்தன. "மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

"சங்கத்துலருந்து பேரை எடுத்துருவோம்" என்றார் அத்தப்பன்.

"எடுத்துக்குங்க."

இந்துஜா பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி அவரிடம் நீட்டினாள். பில் போடவில்லை. "இதைக் கொண்டுபோய் அம்மாகிட்டக் குடுங்க. சூடு பண்ணித் தடவச் சொல்லுங்க. கடைக்கு மாத்தாள் வந்ததுக்கப்பறம் வர்றோம்" என்று சொல்லிவிட்டு, அத்தப்பனிடம் திரும்பி, "பழைய மாத்திரையேதானுங்களா மாமா?" என்றாள்.

இந்துஜாவும் முகிலனும் வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. களத்தில் நிற்க இடமில்லை. மரகதம் எண்ணெயைச் சூடுபண்ணி மானின் வயிற்றில் ஊற்றி ஊற்றித் தேய்த்தாள். காய்ந்த மண் முதல் மழையைக் குடிப்பதுபோல மரம் அதைக் குடித்தது. குடிக்கக் குடிக்க, மானின் உடம்புக்குள்ளிருந்து முறுக்கிப் பிழிகிற சத்தம் வரத் தொடங்கியது. வலி கண்டுவிட்டது என்றாள் மரகதம். துளசிமணி மானின் தலையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். சங்கத்துக்காரர்கள் வாசலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கைகட்டி நின்றார்கள். பார்க்காமல் போகவும் அவர்களுக்கு மனமில்லை. உள்ளே வரவும் முடியவில்லை.

முகிலனின் பைக் வாசலில் நின்றது. இந்துஜா இறங்கினாள். கடைக்குப் போட்டுப் போகிற அதே சுடிதார். முகிலன் பட்டறைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். விரல் இடுக்குகளில் கிரீஸ் போகவில்லை. இருவரும் வாசற்படிக்கு வெளியே நின்றார்கள்.

கல்யாணமாகி முதல்முறை வருகிற பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆலாத்தி சுற்றாமல் உள்ளே விடக் கூடாது. துளசிமணி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டைத் தண்ணீர்த் தொட்டிமேல் தயாராக வைத்திருந்தாள். ஆனால் மானின் தலையை விட்டு அவளால் நகர முடியாது. மரகதத்தின் கை மானின் வயிற்றில் இருந்தது. சென்னியப்பன் களத்திலிருந்த மற்ற பெண்களைப் பார்த்தார். அவர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கள் வீட்டு ஆண்களைப் பார்த்தார்கள். பிறகு மானைப் பார்த்தார்கள்.

சென்னியப்பன் தொட்டியண்டை போய்த் தட்டை எடுத்தார். சிவந்த தண்ணீர் தளும்பி வேட்டியில் கொட்டியது. ஆண்பிள்ளை ஆலாத்தி சுற்றி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் எப்படி என்று தெரியாது. இருவருக்கும் முன்னால் போய் நின்று, தட்டைத் தூக்கி, கைபோன போக்கில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏனுங்கப்பா" என்றாள் இந்துஜா மெதுவாக, "இடமாச் சுத்தறீங்க. அது எழவுக்கு."

அவர் நின்றார். தட்டைக் கொஞ்சம் இறக்கி, மறுபடி தூக்கி, வலமாக, முதலில் மகள் முகத்துக்கு நேராக, அப்புறம் முகிலன் முகத்துக்கு நேராக, மெள்ள ஒரு சுற்று முடித்தார். முகிலன் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தட்டிலேயே வைத்திருந்தான். இரண்டாவது சுற்றின் பாதியில் களத்திலிருந்து பெண்கள் ஒரே குரலாகக் கத்தினார்கள். மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. அதற்குமேல் துளசிமணியின் குரல், "வந்துருச்சு, வந்துருச்சு சாமி" என்று. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள், அத்தப்பன் முதல் ஆளாக, துண்டு நழுவுவதைக்கூடப் பார்க்காமல், வாசலில் நின்ற மூன்று பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். சென்னியப்பனின் முதுகுக்குப் பின்னால், காய்ந்த சிரட்டைகளின்மேல் சின்னஞ்சிறு குளம்புகள் தடுமாறி, விழுந்து, எழுந்து, மறுபடி தடுமாறும் சத்தம் கேட்டது. எத்தனையோ மாதமாக ஊரே காத்திருந்த சத்தம்.

"போய்ப் பாருங்கப்பா" என்றாள் இந்துஜா. "பொறந்துருச்சு."

அவர் திரும்பவில்லை.

"அசையாத நில்லு கண்ணு" என்றார். "இன்னும் ஒரு சுத்து இருக்குது."